மேடிசனுக்குத் துணையோடு படிக்க வருகிறீர்களா?

அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்து, கணவனோ மனைவியோ கூட வருகிறார் என்றால் முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் நடுவில் வந்தால் வீட்டுச் சாமான்களுக்குப் பெரிதாகச் செலவு செய்ய வேண்டியதில்லை. மேடிசன் நகரின் நடுப்பகுதியில் மாணவர்கள் இருக்கும் வீடுகளின் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஆகஸ்ட் 14, 15 தேதிகளில்தான் முடிந்து புதிதாகத் தொடங்கும். காலி செய்கிறவர்கள் மேசை, நாற்காலி, புத்தக அலமாரி, விளக்கு என்று தூக்கிப் போக முடியாததையெல்லாம் தெருவோரம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சாப்பாட்டு மேசை அப்படி வந்ததுதான். நானும் என் கணவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து நான்கு தெரு தள்ளித் தூக்கி வந்தோம். இன்றைக்கும் அதில்தான் சாப்பிடுகிறோம். மரச் சாமான், இரும்புச் சாமான் மட்டும் எடுங்கள். மெத்தை, சோபா பக்கம் போகாதீர்கள், மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டை விட்டுப் போகாது.

படிக்க வந்தது நான். பயிர் நோயியலில் ஆய்வு. அவர் தூத்துக்குடியில் பார்த்துக்கொண்டிருந்த கணக்கு வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்தார். வருவதற்கு முன் நாங்கள் படித்த குறிப்புகள் எல்லாம் மாணவருக்கானவை. பதிவு செய்வது எப்படி, வங்கிக் கணக்கு எப்படி, எந்த அலுவலகத்துக்கு எப்போது போக வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. கூட வருகிறவர் காலை ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு மாலை ஆறு வரை என்ன செய்வார் என்று ஒரு வரி கூட இல்லை. அதனால் அந்த மனிதரையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எஃப்-2 என்றால்

உங்களுக்கு எஃப்-1 என்ற மாணவர் விசா, கூட வரும் துணைக்கு எஃப்-2. எஃப்-2 விசாவில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. இந்தியாவில் உள்ள நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே செய்து கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அதில் இறங்க வேண்டாம். இங்கே வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் எஃப்-2வுக்குக் கிடைக்காது. செய்யக்கூடியவையும் இருக்கின்றன. 2015 முதல் எஃப்-2 துணைவர் பகுதிநேரமாகக் கல்லூரிப் பாடங்கள் படிக்கலாம். என் கணவர் ஒரு பருவத்துக்கு ஒரு பாடம் என்று எடுத்தார். காசு கட்டித்தான் படிக்க வேண்டும், ஆனால் கையில் ஒரு புத்தகப் பையும் போக ஓர் இடமும் இருந்தது. சம்பளம் இல்லாத தொண்டு வேலையும் செய்யலாம். நூலக அட்டை முதல் வாரமே வாங்கிவிடுங்கள். இருவர் பெயரிலும் சேர்த்து வங்கிக் கணக்கு திறங்கள். கையில் அட்டை இல்லாமல், காய் வாங்கக் கூட உங்களிடம் கேட்டு நிற்கும் நிலை துணைக்கு வரக் கூடாது. பணம் யார் சம்பாதித்தாலும் இந்த ஒன்றை முதல் மாதமே சரி செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மருத்துவக் காப்பீட்டையும் தள்ளிப் போடாதீர்கள். ஆசிரியர் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ போதிய நேர நியமனம் இருந்தால் மாநில அரசின் காப்பீட்டில் குடும்பத்தையும் சேர்க்கலாம். ஆனால் வேலை தொடங்கிய 30 நாளுக்குள் படிவம் கொடுத்துவிட வேண்டும். துணை பின்னால் வருவதாக இருந்தால் அதையும் முன்கூட்டியே துறை அலுவலகத்தில் சொல்லி வையுங்கள்.

வரி விஷயத்தில் இரண்டு குறிப்புகள். வருமானமே இல்லாத எஃப்-2 துணைவரும் 8843 என்ற படிவத்தை அமெரிக்க வரித்துறைக்கு அனுப்ப வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இரு நாட்டு வரி உடன்படிக்கையின் 21-வது பிரிவு ஒரு சலுகை தருகிறது. மற்ற நாட்டு மாணவர்களில் பெரும்பாலோருக்கு இல்லாத நிலையான கழிவை, அதாவது வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகையை, நாம் எடுத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் அதிகம் கட்டிவிட்டு வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீடும் தோட்டமும்

குடும்பத்தோடு வரும் மேற்படிப்பு மாணவர்களுக்கு மெண்டோட்டா ஏரிக்கரையில், வளாகத்தின் மேற்குக் கோடியில், ஈகிள் ஹைட்ஸ் என்ற பல்கலைக்கழகக் குடியிருப்பு இருக்கிறது. இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டி வரலாம், அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள். நாங்கள் தாமதித்ததால் முதல் வருடம் ஊருக்குள் வேறு வீட்டில் இருந்தோம். 80 எண் பேருந்து குடியிருப்பிலிருந்து வளாகம் முழுக்கச் சுற்றும், கட்டணம் கிடையாது, துணையும் ஏறிக்கொள்ளலாம்.

ஈகிள் ஹைட்ஸின் பெரிய வரம் அங்குள்ள சமூகத் தோட்டம். 1962இல் தொடங்கியது. ஒரு பாத்தியை வாடகைக்கு எடுத்து நாமே பயிர் செய்யலாம். என் கணவருக்கு மேடிசன் சொந்த ஊராக மாறியது அங்கேதான். மே நடுவில் பனி பயம் விட்டதும் தண்டுக்கீரையும் கொத்தமல்லியும் விதைத்தார். வெந்தயத்துக்கு அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தூவினாலே போதும், சில நாளில் முளைத்துவிடும். பக்கத்துப் பாத்தி ஒரு சீனப் பாட்டியுடையது. மகன் படிக்கிறார், பேரனைப் பார்த்துக்கொள்ள வந்தவர். ஆங்கிலம் ஒரு சொல் கூடத் தெரியாது. ஒருநாள் எங்கள் கீரையை விரலால் தொட்டுக் காட்டி, என் கணவரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் பாத்திக்குப் போனார். அங்கே அதே சிவப்புத் தண்டுக்கீரை, எங்களுடையதைவிட ஒரு சாண் உயரமாக. அவர் கொஞ்சம் பறித்துக் கொடுக்க, இவர் பச்சை மிளகாய் கொண்டுபோய்க் கொடுக்க, அந்தக் கோடை முழுவதும் அப்படியே போனது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் கீரை மசியலோடு பாட்டியின் கதையும் இருக்கும்.

ஊரிலிருந்து விதையும் கறிவேப்பிலையும் கொண்டு வராதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைச் சுமக்கும் பூச்சி கறிவேப்பிலையிலும் குடியிருக்கும். என் படிப்பே அதுதான் என்பதால் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன். சாம்பார்பொடி, இட்லிப்பொடி, பெருங்காயம் எல்லாம் கொண்டு வரலாம். விமான நிலையத்தில் உணவுப் பொருள் இருக்கிறது என்று அதிகாரியிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம்.

சாப்பாடு

ஊர் மிக்ஸியைத் தூக்கி வர வேண்டாம், இங்கே மின்சாரம் 120 வோல்ட். அதற்கென்றே செய்த நம் ஊர் மிக்ஸி இங்கே வாங்கக் கிடைக்கிறது. குக்கரைக் கொண்டு வாருங்கள், உபரியாக இரண்டு ரப்பர் வளையமும் ஒரு வெயிட்டும் பெட்டியில் போடுங்கள். அரிசி, பருப்பு, உளுந்துக்கு இந்தியக் கடைகள் இருக்கின்றன. காய்கறி, பால், முட்டைக்கு உட்மன்ஸ் போன்ற பெரிய கடைகளில் விலை குறைவு. தயிருக்கு உறை வேண்டுமென்றால் கடையில் இனிப்பு சேர்க்காத, உயிருள்ள நுண்ணுயிர் இருப்பதாக அச்சிட்ட தயிர் ஒரு டப்பா வாங்குங்கள். அதிலிருந்து ஒரு ஸ்பூன் போதும், அப்புறம் வருடக்கணக்கில் உங்கள் உறைதான்.

இட்லி மாவு குளிர்காலத்தில் வெளியே வைத்தால் பொங்காது. ராத்திரி மாவுப் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து உள்விளக்கை மட்டும் போட்டுவிடுங்கள், சூடு போட வேண்டாம். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும். ஓவன் கதவில் 'மாவு உள்ளே' என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். இருவரில் ஒருவர் அவசரத்தில் எதையாவது சுடவைக்க ஓவனைப் போட்டுவிட்டால் பாத்திரமும் போகும், ஞாயிற்றுக்கிழமைக் காலையும் போகும். மிளகாய் வற்றல் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து காற்றாடியைப் போட்டுவிட்டு எண்ணெய் வையுங்கள், இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும்.

மதியத்துக்குக் கட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலான துறைகளில் மைக்ரோவேவ் இருக்கும். எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கும் கொண்டுபோனால் கூடப் படிப்பவர்கள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள், அப்படித்தான் எனக்கு முதல் நண்பர்கள் கிடைத்தார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் வெளியே 'வெஜிடேரியனா' என்று மட்டும் கேட்டுவிட்டு விடாதீர்கள். காய்கறி சூப்புக்குக் கோழி வேகவைத்த நீரை ஊற்றியிருப்பார்கள், மெக்சிகன் கடையில் பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கக் கூடும். குறிப்பாகக் கேளுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இந்த ஊர்ப் பண்டத்தில் ஒன்றைத் தவறவிடாதீர்கள், அன்றன்று செய்த சீஸ் கர்ட்ஸ் என்ற பாலாடைக்கட்டித் துண்டுகள். புதிதாக இருந்தால் கடிக்கும்போது பல்லுக்கடியில் கீச்சென்று சத்தம் வரும்.

வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது இருவரும் உட்கார்ந்து, லேப்டாப் இல்லாமல் சாப்பிடுவது என்று முதலிலேயே பேசிவையுங்கள். ஆய்வகம் எவ்வளவு நேரம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு. அவர் ரசம் வைப்பார், நான் அப்பளம் பொரிப்பேன்.

குளிர்

டிசம்பரில் மாலை நாலரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியசுக்கும் போகும். 2019 ஜனவரி கடைசியில் கடுங்குளிரால் பல்கலைக்கழகமே வகுப்புகளை ரத்து செய்தது. ஊரில் ஸ்வெட்டர் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள், இந்தக் குளிருக்கு அது போதாது. இங்கே செயின்ட் வின்சென்ட் டி பால் கடைகளில் பழைய கனத்த கோட்டுகள் மலிவாகக் கிடைக்கும். காலணி மட்டும் புதிதாக, நல்லதாக வாங்குங்கள். ஒரே கனமான உடுப்பைவிட இரண்டு மூன்று அடுக்குகள் மேல்.

உடம்பைவிட மனசுக்குத்தான் முதல் குளிர்காலம் கடினம். வகுப்பு, ஆய்வகம், நண்பர்கள் என்று உங்களுக்கு நாள் ஓடிவிடும். வீட்டில் இருப்பவருக்கு ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. என் கணவர் ஜனவரியில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். குளிர் என்று நினைத்து நான் கவனிக்காமல் விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசிவிட்டுப் போனை வைத்தவர், "இங்கே நான் யாருன்னு யாராவது கேட்டா என்ன சொல்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுநாளே இருவரும் ஈகிள் ஹைட்ஸ் சமூகக் கூடத்துக்குப் போய் அவருக்கு ஓர் உரையாடல் வகுப்பில் பேர் கொடுத்தோம். வகுப்பைவிட, அங்கே போவதற்காகக் காலையில் சவரம் செய்து சட்டை மாற்றியதுதான் பெரிய மருந்து. ஆகவே குளிர் வருவதற்கு முன்பே, அக்டோபரிலேயே, துணைக்கு வாரத்தில் இரண்டு நாளாவது போக ஓர் இடம் ஏற்பாடு செய்துவிடுங்கள். ஊருக்குப் போன் பேச இரவு எட்டு மணி நல்ல நேரம். இந்தியா கோடையில் பத்தரை மணி நேரம், குளிர்காலத்தில் பதினொன்றரை மணி நேரம் முன்னால் இருக்கும். அங்கே காலைக் காபி வேளையாக இருக்கும்.

வெளியே போக

காசில்லாமல் போக இந்த ஊரில் நிறைய இடம் உண்டு. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை காலை மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தைச் சுற்றி உழவர் சந்தை கூடும். 1972இல் தொடங்கியது, விளைவித்தவரே விற்க வேண்டும் என்பது விதி. கூட்டம் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், நீங்களும் அப்படியே போங்கள். ஹென்றி விலாஸ் விலங்குக்காட்சி சாலைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. ஓல்பிரிக் பூங்காவின் வெளித்தோட்டமும் இலவசம். அங்கே தாய்லாந்திலிருந்து பரிசாக வந்த பொன்வேலைப்பாட்டு மண்டபம் ஒன்று இருக்கிறது, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்த மாதிரி கொஞ்ச நேரம் உட்காரலாம். மே மாதம் ஆர்போரீட்டம் பூங்காவில் லைலாக் பூக்கும்போது வாசனை தெருவரைக்கும் வரும். கோடை மாலைகளில் மெமோரியல் யூனியன் முற்றத்தில் சூரியன் வடிவ முதுகு வைத்த நாற்காலிகளில் ஏரியைப் பார்த்து உட்கார்ந்து, பல்கலைக்கழகப் பண்ணைப் பாலில் செய்த பாப்காக் ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள்.

குடியிருப்பிலிருந்து நடந்தே போகக்கூடியது பிக்னிக் பாயிண்ட், ஏரிக்குள் நீளும் நிலமுனை. டிசம்பர் கடைசியில் ஏரி உறையத் தொடங்கும்போது அங்கே நில்லுங்கள். பனிக்கட்டி விரிசல் விடும் ஓசை தண்ணீருக்கடியில் யாரோ உறுமுவது போல நீண்டு ஓடும். மற்றவர்கள் நடந்து போகிறார்களே என்று நீங்களும் ஏரியில் இறங்கிவிடாதீர்கள். பழகிய ஆள் கூட இருந்தால் மட்டும்.

கோயிலுக்கு சிகாகோ அருகே அரோராவில் உள்ள பாலாஜி கோயில், காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாடகைக் கார் எடுத்தால் செலவு தெரியாது. தரிசனம் முடித்து அங்குள்ள உணவகத்தில் சாப்பிட்டு, நேரம் இருந்தால் சிகாகோ டெவான் தெருவில் மளிகை வாங்கி வரலாம்.

தென்கிழக்கே வில்லியம்ஸ் பே என்ற சிற்றூரில் யெர்க்ஸ் வானாய்வகம் இருக்கிறது. அதன் தொலைநோக்கி, லென்ஸால் ஒளியைக் குவிக்கும் ஒளிவிலகல் தொலைநோக்கிகளில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று, 40 அங்குல விட்டம் கொண்டது, 1897 முதல் அங்கே நிற்கிறது. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் 1936இல் லலிதாவை மணந்து, அடுத்த வருடம் வேலைக்கு வந்த இடம். சென்னை மாநிலக் கல்லூரியில் இருவரும் இயற்பியல் படித்தவர்கள். அந்தச் சிற்றூரில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருவரும் குடித்தனம் செய்தார்கள். பார்வையாளர் சுற்றுக்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள். அருகிலேயே ஜெனிவா ஏரிக்கரை. நாங்கள் போனபோது கையில் புளிசாதமும் வடகமும் இருந்தன. லலிதா இங்கே முதல் குளிர்காலத்தை எப்படிக் கழித்திருப்பார், தோசைக்கு உளுந்து எங்கே கிடைத்திருக்கும் என்று என் கணவர் கேட்டுக்கொண்டே இருந்தார். திரும்பி வரும் வழி முழுவதும் அந்தப் பேச்சுதான்.