கபீர் தோஹாவை எண்ணி வாசிக்கும் முறை

தோஹா என்பது இந்தியில் வழங்கும் ஈரடிச் செய்யுள். ஒரு தோஹாவுக்கு மொத்தம் 48 மாத்திரை. இரண்டு அடி, அடிக்கு 24. ஒவ்வோர் அடியும் 13 மாத்திரையில் நின்று மூச்சு வாங்கி, மீதி 11-ஐ முடிக்கும். காசியில் தறி நெய்த பக்திக் கவிஞர் கபீரின் பெயரில் வழங்கும் சாகிகளில் (ஈரடிச் ‘சாட்சி’ப் பாடல்கள்) பெரும்பாலானவை இந்த அளவில்தான் இருக்கின்றன. பொருளுக்குப் போகுமுன் இதை விரல்விட்டு எண்ணுங்கள். இரண்டே அடி என்பதால் தோஹா சட்டென்று புரிந்துவிடும், அதே வேகத்தில் மறந்தும்விடும். எண்ணத் தொடங்கினால் ஒவ்வொரு சொல்லிலும் நின்றே ஆக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம்:

போதீ படி படி ஜக முவா, பண்டித பயா ந கோய
டாயீ ஆகர ப்ரேம கா, படே ஸொ பண்டித ஹோய

குறிலுக்கு 1, நெடிலுக்கு 2. போதீ 4, படி 2, படி 2, ஜக 2, முவா 3, ஆக 13. பண்டித 4, பயா 3, ந 1, கோய 3, ஆக 11. இரண்டாம் அடியும் இப்படியே வரும். அடியின் கடைசி இரண்டு எழுத்து நெடிலும் குறிலுமாக முடிகிறதா என்றும் பாருங்கள்: கோ-ய, ஹோ-ய.

கணக்கு தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். இன்றைய இந்திப் பேச்சில் ‘ஜக்’, ‘கோய்’ என்று கடைசி அகரம் விழுந்துவிடும்; செய்யுளில் அது உயிரோடு இருக்கிறது, எண்ணியாக வேண்டும். அடுத்தது நம் இலக்கணப் பழக்கம். நமக்கு ஒற்று அரை மாத்திரை. இங்கே குறிலை அடுத்து ஒற்று வந்தால் அந்தக் குறிலே 2 ஆகிவிடும். அதனால் ‘பண்’ 2. ப்ரேம என்பதில் இருப்பதுபோல் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் மெய்க்குக் கணக்கில்லை. மூன்றாவது எகர ஒகரம். தேவநாகரியில் குறில் ஒகரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. அச்சில் ‘ஸோ’ என்றே இருக்கும், அப்படியே எண்ணினால் 12 வந்து இடிக்கும். வாயில் அது ‘ஸொ’. தமிழில் எழுதிக்கொண்டு எண்ணுபவருக்கு இந்த ஒரு விஷயத்தில் இந்திக்காரரைவிட வசதி அதிகம்.

இப்போது பொருள். ஏடு படித்துப் படித்தே உலகம் செத்தது, பண்டிதனாக ஒருவனும் ஆகவில்லை; பிரேமத்தின் இரண்டரை எழுத்தைப் படிப்பவன் எவனோ அவனே பண்டிதன். ‘முவா’ என்றால் செத்தது என்றுதான் பொருள். அதைக் ‘களைத்தது’, ‘வீணானது’ என்று மெழுகிவிட்டால் கபீரின் குரல் போய்விடும். ‘பண்டித’ இரண்டு முறை வருகிறது: முதல் அடியில் இகழ்ச்சியாக, இரண்டாம் அடியில் அதே சொல் கழுவி எடுத்துத் திருப்பித் தரப்படுகிறது. மொழிபெயர்க்கும்போது இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைப் போடுங்கள். ஒன்றை அறிஞர், மற்றதை ஞானி என்று பிரித்தால் குத்து விழாது. ‘ஆகர’ என்பது அட்சரம். எழுத்து என்பதோடு அழியாதது என்ற பொருளும் அதற்குண்டு. தமிழில் ‘எழுத்து’ என்று போட்டால் பாதி நஷ்டம், அட்சரம் என்றே விடலாம். இரண்டரை என்பது நாகரி எழுத்தைக் கண்ணால் பார்த்துச் செய்த விளையாட்டு: அரை ப, முழு ர, முழு ம. தமிழ் வரிவடிவத்தில் இது தெரியாது, ஒரு குறிப்பு எழுதித்தான் தீர வேண்டும்.

இனி வேறு பாடம், அதாவது இதே தோஹா வேறு பதிப்பில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். ஷ்யாம்சுந்தர் தாஸ் பதிப்பித்து 1928-இல் காசியில் வெளிவந்த கபீர் கிரந்தாவளியில் இந்தத் தோஹாவின் இரண்டாம் அடியின் முதல் பாதி ‘ஏகை ஆகிர பீவ கா’ என்றிருக்கிறது. அன்பனின் ஒரே ஓர் எழுத்து. அதுவும் 13 மாத்திரைதான். ‘கை’யின் ஐகாரத்தை நம் பழக்கப்படி குறுக்காமல் 2 என்று எண்ண வேண்டும். இரண்டரை எழுத்து வேடிக்கை இங்கே இல்லை. ‘பீவ’ என்பது பெண் தன் நாயகனைச் சொல்லும் சொல், ஆகவே பாட்டே மணப்பெண் குரலுக்கு மாறிவிடுகிறது. எது கபீர் வாயிலிருந்து வந்தது என்ற தீர்ப்புக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி வையுங்கள்.

பாடங்களைத் தேட மூன்று கால்வாய்கள் உண்டு: கபீரைப் பின்பற்றும் கபீர்பந்திகளின் தொகுப்பான பீஜக், 1604-இல் பஞ்சாபில் தொகுத்த சீக்கியர்களின் ஆதி கிரந்தம், ராஜஸ்தானில் தாதுவைப் பின்பற்றும் தாதுபந்திகளின் சுவடிகள். மூன்றிலும் கிடைக்காத தோஹாவைத் தூக்கி எறிய வேண்டாம், ‘வாய்மொழி’ என்று பக்கத்தில் குறித்தால் போதும். ஆங்கிலம் வழியாக வந்த கபீர் என்றால் கூடுதல் கவனம் தேவை. தாகூர் 1915-இல் ஆங்கிலத்தில் தந்த நூறு பாடல்கள் க்ஷிதிமோகன் சென் திரட்டியதிலிருந்து வந்தவை. அவற்றில் பெரும்பாலானவை பழைய சுவடிகளில் இல்லை.

தோஹா பழகியபின் பதங்களுக்கு, அதாவது பல அடியுள்ள இசைப்பாடல்களுக்குப் போகலாம். அங்கே முதலில் தேட வேண்டியது விளி: யாரைக் கூப்பிடுகிறார்? ‘பாண்டே’ என்றால் எதிரில் வேதம் ஓதும் பிராமணர், கிண்டல் வரப்போகிறது. ‘அவதூ’ என்றால் நாத மரபைச் சேர்ந்த யோகி. சூனியம், ககனம், சுழுமுனை என்ற யோகச் சொற்கள் அவருடைய பேச்சிலேயே அவருக்குத் திருப்பித் தரப்படுகின்றன. ‘ஸாதோ’, ‘ஸந்தோ’ என்றால் கபீரின் சொந்தக் கூட்டத்துச் சாதுக்கள், குரல் தணியும்.

கடினமானது உலட்பான்சி, தலைகீழ்ப் பாட்டு. ஆதி கிரந்தத்தில் ஒன்று: முதலில் மகன், பிறகு தாய், குரு சீடன் காலில் விழுகிறார், சிங்கம் பசு மேய்க்கிறது, நீர்மீன் மரத்தில் ஏறி ஈனுகிறது. திருமந்திரத்தில் சூனிய சம்பாஷணை என்ற மறைபொருள் பகுதியைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. மீன் என்றால் மனம், மரம் என்றால் முதுகுத்தண்டு என்று உடனே அகராதி போடத் தொடங்கினால் பாட்டு விடுகதைப் புத்தகமாகிவிடும், உரைகாரர்களும் ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். முதல் வாசிப்பில் எது எதோடு இடம் மாறியிருக்கிறது என்று மட்டும் இரண்டு நெடுவரிசையாக எழுதுங்கள். உரையை அதற்குப் பிறகு திறந்தால் போதும்.