காட்பாடியிலிருந்து உதகைக்கு இரவு ரயிலில்: தாயகம் வருவோர் அறிய வேண்டியவை

வேலூரில் உறவினர் வீட்டுக்கு வந்துவிட்டு, அங்கிருந்து கோவைக்கோ உதகைக்கோ செல்ல விரும்பும் வெளிநாட்டுத் தமிழர் பலர் உடனே வாடகைக் காரைத்தான் தேடுகின்றனர். முதியவர்களும் குழந்தைகளும் உடன் வரும் பயணத்துக்கு, இரவெல்லாம் படுத்துறங்கிக் காலையில் உதகை மலையடிவாரமான மேட்டுப்பாளையத்தில் இறங்க வழிசெய்யும் நீலகிரி எக்ஸ்பிரஸே மேலானது என்பது என் உறுதியான கருத்து.

வேலூருக்கான முதன்மை ரயிலடி ஊருக்குள் இல்லாமல் காட்பாடியில் இருப்பதற்குப் பழைய காரணம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, அப்போது ஆர்க்காடு என்று பெயர் பெற்றிருந்த இன்றைய வாலாஜா ரோடு நிலையத்தை வந்தடைந்தது. ஆர்க்காடு நகரம் பாலாற்றின் தென்கரையில் இருக்க, பாதை வடகரையிலேயே போடப்பட்டது. அது மேற்கே நீண்டபோது வேலூரும் அவ்வாறே ஆற்றுக்கு அப்பால் நின்றுவிட்டது. 1862இல் அந்தப் பாதை மலபார்க் கரையில் பேப்பூர் வரை எட்டியது. 1873இல் கோவையை அடுத்த போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை வந்தது. அங்கிருந்து ஏறும் மலை ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் அடைந்தது. நீலகிரி எக்ஸ்பிரஸ் இன்று மேட்டுப்பாளையம் வரை ஓடுவது இந்தப் பழைய தடத்தில்தான். வீட்டுப் பெரியவர்கள் மூன்றாம் வகுப்பின் மரப்பலகையில் பயணம் செய்த கதையைச் சொன்னால் அமர்ந்து கேளுங்கள்; அந்த வகுப்பு 1974இல் ஒழிக்கப்பட்டது, வெறும் பலகைப் படுக்கைகளுக்கு மெத்தை போடும் மாற்றம் 1977இல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதேயின் காலத்தில்தான் தொடங்கியது.

வேலூர் கண்டோன்மென்ட் என்னும் பெயரைப் பார்த்து அங்கே சென்று காத்திருக்க வேண்டாம். அது விழுப்புரம் கிளைப் பாதையில் உள்ள நிலையம். பயணச்சீட்டில் காட்பாடி சந்திப்பு என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூரின் பாகாயத்திலிருந்து காட்பாடி வரும் டவுன் பஸ்கள் பகலில் போதுமானவை. இரவில் மூட்டை முடிச்சுகளோடு வருவோருக்கு ஆட்டோவே உகந்தது.

பலர் சறுக்கும் இடம் தேதிதான். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலில் இரவு 9 மணியளவில் புறப்பட்டு, 11 மணிக்குச் சற்று முன்னதாகக் காட்பாடிக்கு வருகிறது. ஆனால் ஈரோடு செல்லும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்னையை விட்டு இரவு 11 மணியளவில் கிளம்புவதால், காட்பாடிக்கு வரும்போது நள்ளிரவு கடந்து மறுநாள் பிறந்துவிடும். எனவே சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற நினைப்பவர் ஞாயிற்றுக்கிழமைத் தேதிக்கே முன்பதிவு செய்ய வேண்டும். நேரங்கள் அவ்வப்போது மாறுவதால், புறப்படும் நாளன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே திறக்கிறது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு 365 நாள் முன்பே பதிவு செய்யும் வசதியும் உண்டு, ஆயினும் அந்த ஒதுக்கீடு எல்லா ரயில்களிலும் இருப்பதில்லை. கடைசி நேரத்தில் தட்கல் என்னும் அவசர முன்பதிவில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்: 2025 ஜூலை முதல் இணையவழித் தட்கலுக்கு ஆதார் சரிபார்த்த கணக்கு தேவைப்படுகிறது, வெளிநாட்டில் வாழும் நம்மவர் பலரிடம் அது இருப்பதில்லை. ஆர்.ஏ.சி. என்னும் பாதி உறுதியான சீட்டு கிடைத்தால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையை மற்றொருவருடன் பகிர்ந்து உட்கார்ந்தாவது போகலாம். வெயிட்டிங் லிஸ்டிலேயே நின்றுவிட்ட இணையவழிச் சீட்டைக் கொண்டு ஏற முடியாது.

அறுபது வயதைக் கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்தைக் கடந்த பெண்களுக்கும் இடமிருந்தால் லோயர் பெர்த் கிடைக்கும் என்பதால், வயதைச் சரியாகக் குறிப்பிடுங்கள். நடுப் படுக்கையை இரவு 10 முதல் காலை 6 வரை விரித்து வைக்கலாம். போர்வையும் தலையணையும் ஏ.சி. வகுப்புகளில் தனிக் கட்டணமின்றித் தரப்படும். ஸ்லீப்பரில் வருவோர் சொந்தமாக எடுத்துவருவது நல்லது. பரிசோதகரிடம் காட்ட அசல் கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும், நகல் போதாது.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணியை ஒட்டிப் புறப்படும் மலை ரயிலுக்குத் தனியே முன்பதிவு செய்ய வேண்டும்; நீலகிரி எக்ஸ்பிரஸ் சீட்டு அதற்குச் செல்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்சரிவால் மலைப் பாதை நாள்கணக்கில் மூடப்படுவதுண்டு. அப்போது அங்கிருந்து பஸ்ஸில் உதகைக்கு ஏறலாம்.