பழைய தண்ணீர் மில்லைத் திரும்ப ஓட்ட வேண்டுமா? சக்கரத்தைக் கடைசியில் தொடுங்கள்

பாழடைந்து கிடக்கும் தண்ணீர் மில்லைப் பற்றி, அதாவது ஓடும் நீர் சக்கரத்தைச் சுற்ற மாவு அரைக்கும் ஆலையைப் பற்றி, ஊர்க் கூட்டம் போட்டால், பேச்சு முழுக்கச் சக்கரத்தைச் சுற்றியே இருக்கும். மரம் யார் தருவது என்று ஆரம்பித்து, திறப்பு விழாவுக்கு யாரைக் கூப்பிடுவது என்பது வரை ஒரே மூச்சில் போய்விடும். ஃபிட்டராக இந்த மாதிரி வேலைகளில் நின்றவன் நான். என் கட்சி வேறு: சக்கரம் கடைசி.

முதலில் யாருடையது என்று பாருங்கள். கட்டடம் ஒருவர் பெயரில் இருக்கும், வாய்க்கால் போகும் நிலம் இன்னொருவர் பெயரில் இருக்கும், தடுப்பணை அரசு வசம் இருக்கும், தண்ணீர் எடுக்கும் உரிமை எப்போதோ காலாவதியாகியிருக்கும். நான்கையும் தனித்தனியாக விசாரித்து, எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே வசூலைத் தொடங்குங்கள்.

அடுத்து ஒருவர் எழுந்து, "ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்ச் சுத்தம் செய்துவிடலாமே" என்பார். அவரை அன்போடு உட்கார வையுங்கள். குப்பை என்று அள்ளிப் போடுவதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. ஒடிந்த மரப்பல் ஒன்று போதும், பற்சக்கரம் முழுவதற்கும் அளவு எடுத்துவிடலாம். சக்கரக் குழியின் சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். சக்கரம் உரசி உரசி விழுந்த வளைந்த கோடுகள் தெரியும். அந்த வளைவை அளந்தால், சக்கரமே மிஞ்சாத இடத்திலும் அதன் விட்டமும் அச்சு இருந்த உயரமும் கிடைத்துவிடும். எல்லாவற்றையும் படம் எடுத்து, எண் போட்டு, கிடந்த இடத்தைக் குறித்த பிறகு துடைப்பத்தை எடுக்கலாம். மில் ஓடியதைப் பார்த்த பெரியவர்கள் இருந்தால், இதே நாட்களில் அவர்களை உள்ளே அழைத்து வந்து பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து நினைவுக்கு வராதது, மதகின் கைப்பிடியைத் தொட்டதும் வரும்.

பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நிற்க வேண்டும் என்கிறது. கூட்டத்தில் சண்டை வரும்போதெல்லாம் இந்த வரியை எடுத்துப் போடுங்கள். புதிதாகச் செய்து பொருத்தும் ஒவ்வொரு துண்டிலும் ஆண்டைச் செதுக்கிவிடுங்கள். பின்னால் வருபவர்களுக்குக் குழப்பம் இராது.

கூரைக்கு இப்போதைக்கு ஒரு தார்ப்பாய் போதும், ஆனால் உடனே வேண்டும். மழை உள்ளே இறங்குவதை நிறுத்தாமல் செய்கிற எந்த வேலையும் வீண். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள், கல்லும் கூடவே வந்துவிடும். அடியில் வெட்டிவிட்டு, காய்ந்த பிறகு எடுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இப்போது எவ்வளவு வருகிறது என்று அளக்காமல் ஒரு பைசா செலவழிக்க வேண்டாம். பாதி நீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை வாய்க்காலில் நேரான பகுதியில் மிதக்க விடுங்கள். 10 மீட்டரை 16 விநாடியில் கடந்தால் மேற்பரப்பின் வேகம் விநாடிக்கு 0.625 மீட்டர். அடியில் மெதுவாகத்தான் ஓடும் என்பதால் 0.8 ஆல் பெருக்கினால் 0.5. வாய்க்கால் 1 மீட்டர் அகலம், 0.4 மீட்டர் ஆழம் என்றால் விநாடிக்கு 200 லிட்டர், அதாவது 0.2 கன மீட்டர். அது 3 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், 0.2 × 3 × 9.81 (புவியீர்ப்புக்கான எண்), கிட்டத்தட்ட 5.9 கிலோவாட். இது தண்ணீரிடம் இருப்பது. சக்கரம் இதில் ஒரு பங்கைத்தான் பிடிக்கும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், சிறிய அளவில் செய்த மாதிரிச் சக்கரங்களை ஓட்டிப் பார்த்து 1759இல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் சொன்ன கணக்குப்படி, மேலிருந்து நீர் விழும் சக்கரம் அடியில் தள்ளும் சக்கரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேலை வாங்கும். ஆகவே உங்களுடையது எந்த வகை என்பது முக்கியம். கோடையிலும் மழைக்காலத்திலும் தனித்தனியாக அளந்து எழுதி வையுங்கள். தூர் வாருவது, மீன் ஏறிப் போக வழி விடுவது, வெள்ளத்தில் மதகு தாங்குமா என்பதெல்லாம் நீர்வளத் துறையினர் கேட்கப்போகும் கேள்விகள். அளவு கையில் இருந்தால் பதில் சொல்ல முடியும்.

மரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் மரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். நனைந்து காய்ந்து நனையும் மட்டத்தில்தான் உளுக்கும். அங்கே ஊசி உளியால் குத்திப் பாருங்கள். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் அந்தத் துண்டு போயிற்று. இரும்புச் சக்கரத்தில் மரப்பல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இரும்பிலேயே போட்டுவிடலாமே" என்று யாராவது கேட்பார்கள். கூடாது. ஏதாவது சிக்கிக்கொண்டால் மரப்பல் ஒடிந்து மற்ற எல்லாவற்றையும் காப்பாற்றும். சத்தமும் குறைவு.

அரவைக் கல்லுக்குத் தனி மரியாதை வேண்டும். மேல்கல் ஒரு டன் அளவுக்குக்கூட இருக்கும். தூக்க முறையான கிரேனும், அதை இயக்கத் தெரிந்தவரும் வேண்டும், இளைஞர்களின் உற்சாகத்தை நம்பக் கூடாது. கல் கொத்தும்போது உளியிலிருந்து எஃகுத் துணுக்கு தெறிக்கும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. தானியம் தீர்ந்து கல்லோடு கல் உரசவும் விடாதீர்கள். தீப்பொறி பறக்கும், காற்றில் மாவுத் தூசி இருந்தால் அது வெடிமருந்துக்குச் சமம். 1878 மே 2 அன்று அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரின் வாஷ்பர்ன் 'ஏ' மில்லில் மாவுத் தூசி வெடித்து 18 பேர் இறந்தார்கள். அதுவும் தண்ணீரில் ஓடிய மில்தான்.

இத்தனைக்கும் பிறகு சக்கரம். அது சுற்றும் முன்பே சக்கரக் குழிக்கும் பற்சக்கரங்களுக்கும் கம்பித் தடுப்பு போட்டுவிடுங்கள், வேடிக்கை பார்க்க முதலில் ஓடி வருவது குழந்தைகள்தான்.

திறப்பு விழாவுக்கு நாள் குறிக்கும் முன் பராமரிப்புப் பட்டியல் ஒன்றில் பெயர்களை எழுதி வாங்குங்கள். மரச்சக்கரத்தை ஒரே நிலையில் விட்டால் அடிப்பாதி தண்ணீரை உறிஞ்சிக் கனத்துவிடும், மேல்பாதி காய்ந்து லேசாகும். அப்புறம் சுற்றும்போது குதித்துக் குதித்து பேரிங்கைத் தின்றுவிடும். அதனால் ஓடாத வாரங்களிலும் ஒருவர் போய்க் கால் சுற்று திருப்ப வேண்டும், மதகுக்கு முன்னால் உள்ள கம்பி வலையில் சேர்ந்த இலைகளை வார வேண்டும், பேரிங்கில் கிரீஸ் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு பெயர் போடுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருவரிடம் சாவி இருக்க வேண்டும்.