எம்ஜிபி காரின் இரட்டை எஸ்யூ கார்பரேட்டரை நாமே டியூன் செய்வது எப்படி?

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "ஐடிலிங்கில் தடுமாறுது" என்பதுதான். பழி உடனே, பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் கார்பரேட்டர் மேல் விழும். எஸ்யூ என்பது அதன் தயாரிப்புப் பெயர். அவசரப்படாதீர்கள். ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.64 மி.மீ., டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயிண்ட்டுகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வால்வ் கிளியரன்ஸ், இக்னிஷன் டைமிங் இரண்டையும் முடித்த பிறகே இந்தப் பக்கம் வர வேண்டும். பொறி சரியில்லாத இன்ஜினுக்குக் கார்பரேட்டர் டியூன் செய்வது வீண் வேலை.

இங்கே சொல்வது தொடக்ககால எம்ஜிபிகளில் வந்த ஹெச்எஸ்4 வகைக்கு. பின்னால் வந்த ஹெச்ஐஎஃப்4 வகையில் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) திருகு வேறு இடத்தில் இருக்கும்.

1. ஏர் ஃபில்டர்களைக் கழற்றுங்கள். டாஷ்பாட்டுகளில் (கார்பரேட்டரின் மேலுள்ள, பிஸ்டன் ஓடும் குமிழ்மூடிகள்) 'முன்', 'பின்' என்று குறித்துக்கொண்டு திறவுங்கள். ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றில் போடவே கூடாது. அவை ஜோடியாகப் பொருத்தப்பட்டவை. பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். பிஸ்டனின் ஊசி வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டியபின், டேம்பர் (டாஷ்பாட்டின் உச்சியில் திருகும் மூடியும் தண்டும்) இல்லாமல் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். 'டக்' என்று தெளிவாக விழ வேண்டும். மெத்தென்று இறங்கினாலோ பாதியில் நின்றாலோ, ஊசி வளைந்திருக்கும் அல்லது ஜெட் (ஊசி இறங்கும், பெட்ரோல் வரும் சிறு குழாய்) நடுவில் இல்லை. அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

2. கார்பரேட்டரின் அடியிலுள்ள அறுகோண நட்டை மேலே திருகி, ஜெட்டின் வாய் பிரிட்ஜோடு (பிஸ்டனுக்குக் கீழே உயர்ந்திருக்கும் தளம்) சமமாகும்வரை கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு பட்டை), கீழே இறக்குங்கள். இரண்டு கார்பரேட்டருக்கும் ஒரே அளவு.

3. டேம்பருக்குள், பிஸ்டனின் குழல் தண்டுக்கு மேல் 13 மி.மீ. வரை 20 கிரேடு இன்ஜின் ஆயில் ஊற்றி மூடுங்கள். இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். திறந்தவெளியில் செய்யுங்கள், புகை ஆளைக் கொல்லும்.

4. இரண்டையும் இணைக்கும் லிங்கேஜ் கிளாம்ப்புகளைத் தளர்த்துங்கள். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்பரேட்டர் வாயிலும் மாறிமாறிப் பிடியுங்கள். 'உஸ்' என்ற சத்தம் இரண்டிலும் ஒன்றாகும்வரை ஐடில் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். இதற்கு விலையுயர்ந்த மீட்டர் வேண்டாம். அரைமணி நேரத்தில் காது பழகிவிடும்.

5. அடுத்து மிக்சர். டாஷ்பாட்டுக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு சிறு லிஃப்டிங் பின் இருக்கும். அதை மெல்லத் தள்ளுங்கள். பிஸ்டனைத் தொட்டதும் 0.8 மி.மீ. மட்டும் மேலே தூக்குங்கள். இன்ஜின் வேகம் கூடி அப்படியே நீடித்தால் பெட்ரோல் அதிகம்: நட்டை மேலே. வேகம் குறைந்தாலோ நின்றேபோனாலோ பெட்ரோல் போதவில்லை: நட்டைக் கீழே. ஒரு நொடி லேசாகக் கூடி பழைய நிலைக்குத் திரும்பினால் சரி. ஒரு தடவைக்கு ஒரு பட்டைதான். முன்னதைத் தொட்டால் பின்னதும் மாறும், அதனால் மறுபடி மறுபடி இரண்டையும் சோதியுங்கள். எனக்கு இந்த வேலையிலேயே பிடித்த இடம் இதுதான். கேள்விக்கு இன்ஜினே பதில் சொல்கிறது.

6. லிங்கேஜை இறுக்கி, குழாய்ச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். சோக் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கட்டும். ஃபில்டர்களை மாட்டி ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்து பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். கரி படிந்திருந்தால் நட்டை ஒரு பட்டை மேலே, வெளுத்திருந்தால் ஒரு பட்டை கீழே. பிஸ்கட் நிறம் வந்திருந்தால் ஸ்பேனரை உள்ளே வைத்துவிடலாம்.