நங்கூரம் போட்ட பழைய பட்டன் கிடைச்சா பண்ணக் கூடாத தப்புங்க

இங்கிலாந்துல கென்ட் பக்கம் உழுது போட்ட வயல்ல மெட்டல் டிடெக்டரோட நடந்தா, காசு கிடைக்கிறதை விட பட்டன் கிடைக்கிறது தான் அதிகம். அதுல நங்கூரம் போட்டது ஒண்ணு வந்துடுச்சுன்னா கை நடுங்கும், எனக்கு இன்னும் நடுங்குது, ஏன்னா பக்கத்துலயே சாத்தம்னு நூத்துக்கணக்கான வருஷம் போர்க்கப்பல் கட்டின ஊர் இருக்கு, 1984ல தான் அந்த கப்பல் தளத்தை மூடினாங்க, அதனால யாரோ ஒரு கடற்படை ஆபீசர் கோட்டுலேர்ந்து விழுந்ததுன்னு மனசு உடனே கதை கட்ட ஆரம்பிச்சுடும். அந்த அவசரத்துல தான் எல்லா தப்பும் நடக்குது.

முதல்ல நம்ம ஆளுங்களுக்குன்னே இருக்கிற தப்பை சொல்லிடறேன். பித்தளைன்னா புளி. குத்துவிளக்கு, செம்பு எல்லாம் புளி போட்டு பளபளன்னு தேய்ச்சுப் பழகின கை நம்ம கை, பட்டனையும் அப்படியே தேய்ச்சுடும். தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பழைய ஆபீசர் பட்டன்ல பித்தளை மேல ரொம்ப மெல்லிசா தங்க முலாம் இருக்கும், மண்ணுக்குள்ள இருந்து ஏற்கனவே அங்கங்க உரிஞ்சு போய் நிக்கும், புளி எலுமிச்சை வினிகர் எது பட்டாலும் அடியில இருக்கிற செம்புக் கலவையை அரிச்சு முலாமையும் சேர்த்து தூக்கிட்டுப் போயிடும். நான் ஒரு நல்ல பட்டனை இப்படித்தான் இழந்தேன், நங்கூரத்தைச் சுத்தி இருந்த இலை வளையம் மொத்தமா மழுங்கிப் போச்சு, இன்னிக்கு வரைக்கும் அது எனக்கு வலிக்குது. கம்பி பிரஷ்ஷும் வேணாம், கரண்ட் வச்சு சுத்தம் பண்ற முறையும் வேணாம். மண்ணை காய விட்டு, மெதுவான பிரஷ்ஷால தட்டி, இடுக்குல இருக்கிறதை பல் குத்துற குச்சியால லென்ஸ் வச்சுப் பாத்து எடுங்க, தண்ணி வேணும்னா டிஸ்டில்டு வாட்டர் ரெண்டு சொட்டு, அவ்ளோதான். பின்பக்கம் எலும்பு இருந்தா தண்ணியே வேணாம். 18ஆம் நூற்றாண்டுல மெல்லிய தகட்டை எலும்பு வில்லை மேல மூடி பட்டன் பண்ணியிருக்காங்க, ஊற வச்சா பிரிஞ்சு வந்துடும்.

அடுத்தது, நங்கூரம்னாலே கடற்படைன்னு முடிவு கட்டுறது. கப்பல் கம்பெனி, படகு கிளப், சுங்கம், துறைமுகம்னு தண்ணியோட சம்பந்தப்பட்ட எல்லாரும் நங்கூரம் போட்டிருக்காங்க, அப்புறம் சாதாரணமா கடையில வாங்கின நீல பிளேசர் கோட்டுலயும் இருக்கு, பெண்கள் டிரெஸ்லயும் இருக்கு, குழந்தைங்களுக்குத் தைக்கிற மாலுமி சட்டையிலயும் இருக்கு. நங்கூரத்துல கயிறு சுத்தியிருக்கா, ஓரத்துல முறுக்கின கயிறு மாதிரி வளையம் ஓடுதா, மேல கிரீடம் இருக்கா, அந்த கிரீடம் எப்படிப்பட்டதுன்னு ஒவ்வொண்ணா பாருங்க. கிரீடத்துலயே கப்பலோட பின்பக்கமும் பாயும் மாறி மாறி வந்தா அது ராஜா கிரீடம் இல்ல, அதை நேவல் கிரவுன்னு சொல்வாங்க, 1918ல பிரிட்டிஷ் வணிகக் கப்பல்காரங்களுக்கு ஒரே மாதிரி யூனிஃபார்ம் கொண்டு வந்தப்ப வந்த பட்டன்ல இந்த கிரீடம் தான். இதை ராயல் நேவி, அதாவது பிரிட்டிஷ் கடற்படை பட்டன்னு நினைச்சு வச்சிருக்கிறவங்க நிறைய பேர். அதுக்காக அதை மட்டமா நினைக்காதீங்க, ரெண்டு உலகப் போர்லயும் வணிகக் கப்பல்ல போனவங்க எத்தனை பேர் திரும்பி வரல.

இதுக்கு நேர் எதிரான தப்பும் ஒண்ணு உண்டு. ஒண்ணுமே பொறிக்காத மொட்டை பட்டனை தூக்கிப் போட்டுடறாங்க. ராயல் நேவியில ஆபீசர்களுக்கு 1748லயே யூனிஃபார்ம் வந்துடுச்சு, ஆனா சாதாரண மாலுமிக்கு 1857 வரைக்கும் முறையான யூனிஃபார்மே கிடையாது, கப்பல்ல வித்த துணியை வாங்கிப் போட்டுக்கிட்டாங்க. அப்போ டிரஃபால்கர் போர்ல பிரிட்டிஷ் கடற்படையை நடத்தின நெல்சன் காலத்துல கயிறு இழுத்த ஆளோட சட்டையில நங்கூர பட்டன் இருந்திருக்க வாய்ப்பு கம்மி, நீங்க குப்பைன்னு போட்ட அந்த மொட்டை பட்டன் தான் அவருதா இருக்கலாம்.

இப்ப கிரீடம். நான் ரொம்ப நேரம் செலவழிக்கிறது இதுல தான். ராயல் நேவி ஆபீசர் பட்டன்ல நங்கூரத்துக்கு மேல கிரீடம் வந்தது 1812ல. அதனால கிரீடம் இருக்கிற பட்டனை டிரஃபால்கர் போர்ல, அதாவது 1805ல, போட்டதுன்னு யாராவது சொன்னா அது தப்பு. ஆனா இதையே திருப்பிப் போட்டு, கிரீடம் இல்லையா அப்போ 1812க்கு முன்னாடின்னு சொல்லிடாதீங்க, மேல சொன்ன மாதிரி கிரீடமே இல்லாத நங்கூர பட்டன் பின்னாடியும் ஏகப்பட்டது வந்திருக்கு. அடுத்து கிரீடத்தோட வளைவு. 1901லேர்ந்து 1952 வரைக்கும் வளைவு மேல எழும்பி உருண்டையா இருக்கும், 1953லேர்ந்து எலிசபெத் ராணி காலத்துல நடுவுல அமுங்கி ரெண்டு தோள் மாதிரி இருக்கும். விக்டோரியா காலத்து கிரீடமும் மேல அமுங்கினாப்ல தான் இருக்கும்ங்கிறதால முன்பக்கம் மட்டும் பாத்தா நூறு வருஷம் தப்பா போயிடலாம். இதுல 2022க்கு அப்புறம் சார்லஸ் ராஜா மறுபடியும் அந்த உருண்டை கிரீடத்தையே எடுத்துக்கிட்டார்.

அதனால தான் எல்லார்கிட்டயும் சொல்றது, முதல்ல பட்டனை திருப்புங்க. முன்பக்கம் ஆசை காட்டும், பின்பக்கம் தான் வயசு சொல்லும். ஒரே தட்டையான துண்டுல பின்னாடி வளையம் பத்த வச்சிருந்தா அது ஒரு வகை, முன் தகடும் பின் தகடும் தனித்தனியா பண்ணி ஓரத்தை மடிச்சு மூடியிருந்தா அது வேற வகை, அந்த ரெண்டு துண்டு முறைக்கு பெஞ்சமின் சாண்டர்ஸ்னு ஒருத்தர் 1813ல பேட்டன்ட் வாங்கினார். கையில எடுத்தா காத்து மாதிரி கனமே இல்லாம, ஆனா தங்கம் மாதிரி மின்னிக்கிட்டே இருந்தா அது பெரும்பாலும் ஸ்டேபிரைட், சாயம் ஏத்தின அலுமினியம், 1950கள்ல பரவினது.

பின்னாடி எழுத்து இருந்தா இன்னும் கவனம் வேணும். 'ட்ரெபிள் கில்ட்', 'பெஸ்ட் குவாலிட்டி', 'ரிச் கலர்' எல்லாம் கம்பெனி பேர் இல்ல, முலாம் நல்ல முலாம்னு விளம்பரம், இதை வச்சு தங்கம் எவ்ளோ தேறும்னு கணக்கு போடாதீங்க. 'ஃபர்மின்'னு பேர் இருந்தா, அது 17ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்ச கம்பெனின்னு தேடிப் பாத்துட்டு பட்டனும் அந்த காலம்னு எழுதுறவங்க இருக்காங்க, அந்த கம்பெனி பல தலைமுறையா பட்டன் பண்ணிக்கிட்டே இருந்திருக்கு, பேர் பக்கத்துல என்ன விலாசம், என்ன எழுத்துன்னு பாக்கணும். 'லிமிடெட்'னு இருந்தா அது நெல்சன் காலமே இல்ல, அந்த மாதிரி கம்பெனிகளுக்கு வழி விட்ட சட்டம் 1855ல தான் வந்துச்சு.

சைஸ் விஷயம் சின்னது தான். சின்ன பட்டன்னா குழந்தையோடதுன்னு இல்ல, மணிக்கட்டுக்கும் வெயிஸ்ட்கோட்டுக்கும் சின்னதா தான் தைப்பாங்க.

கடல்லேர்ந்து தூரமா ஒரு வயல்ல கடற்படை பட்டன் கிடைச்சா, இங்க ஒரு ஆபீசர் வாழ்ந்தார்னு முடிவு பண்றது இன்னொரு பெரிய தப்பு. கென்ட்ல ஹாப்ஸ், அதாவது பீருக்குப் போடுற ஒரு கொடி, அந்தத் தோட்டத்துக்கு கிழிஞ்ச கம்பளித் துணியை உரமா போட்டிருக்காங்க, பழைய யூனிஃபார்ம் எல்லாம் பட்டனோடயே அதுல வந்திருக்கு, லண்டன் ஊர்க்கழிவும் வயலுக்கு வந்திருக்கு. ஒரே மூலையில ரெண்டு மூணடிக்குள்ள ஒரே மாதிரி நாலு பட்டன் கிடைச்சா ஒரு கோட்டே அங்க மக்கிப் போயிருக்கலாம், வயல் பூரா ஒண்ணொண்ணா வேற வேற சிதறிக் கிடந்தா அது உரத்தோட வந்ததா இருக்கும். இது தெரியணும்னா எடுத்த இடத்தை அன்னிக்கே எழுதணும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு சின்ன ஜிப் பை, தேதி, ஃபோன்ல காட்டுற இட எண், எவ்ளோ ஆழம். எல்லாத்தையும் ஒரே டப்பால கொட்டாதீங்க.

போறதுக்கு முன்னாடி நிலத்துக்காரர் அனுமதி கட்டாயம், பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்துல 1979 சட்டப்படி டிடெக்டரை அனுமதி இல்லாம பயன்படுத்தவே கூடாது, தேம்ஸ் கரைன்னா லண்டன் துறைமுக ஆணையத்தோட பெர்மிட் வேணும். சாதாரண பித்தளை பட்டன் புதையல் சட்டத்துல வராது, இருந்தாலும் சந்தேகம்னா பொதுமக்கள் கண்டெடுக்கிற பழம்பொருளைப் பதிவு பண்ற போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம்ல உங்க ஏரியாவுக்கு ஒரு ஆபீசர் இருப்பாங்க, அவங்ககிட்ட காட்டுங்க. ஊருக்கு லீவுல போறப்ப டிடெக்டரை எடுத்துட்டுப் போய் கடலூர், தரங்கம்பாடி பக்கம் பாக்கலாமான்னு கேக்கிறவங்களுக்கு, அங்க சட்டமே வேற, 1878 புதையல் சட்டப்படி மண்ணுல மறைஞ்சிருந்து கிடைச்ச பொருள் பத்து ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்கு எழுதிக் குடுக்கணும், அதனால டிடெக்டரை இங்கயே வச்சுட்டுப் போங்க.