கம்பெனிக் காலச் செப்புக் காசு: காரைக்குடியில் வாங்குமுன்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு கேட்டால் பெரும்பாலும் 1808ஆம் ஆண்டு இருபது காசையோ பத்துக் காசையோ எடுத்து நீட்டுவார்கள். சென்னை மாகாணத்துக்காக பர்மிங்காமை ஒட்டிய சோஹோ ஆலையில், மேத்யூ போல்டனின் நீராவி எந்திரத்தில் அச்சடித்தவை இவை. ஒரு பக்கம் இரு சிங்கம் தாங்கும் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பாரசீக எழுத்து, அதன் கீழே ரோமன் எண்ணில் மதிப்பு. இதற்கு முன் 1803இல் இருபது, பத்துக் காசுகளோடு ஐந்து காசும் ஒரு காசும் வந்தன.

"ஆச்சி வீட்டுப் பெட்டியில் இருந்தது" என்று கடைக்காரர் சொல்வதை நம்புவதற்கு முன் காசின் மேற்பரப்பைப் பாருங்கள். 1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, இங்கிலாந்தின் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் அந்தச் சரக்கை லட்சக்கணக்கில் வெளியே எடுத்தார்கள். புழங்காத காசு என்பதால் எழுத்து கூராகவே இருக்கும். உப்புநீர் அரித்ததால் எழுத்தைச் சுற்றிய வெற்றுத் தரை மட்டும் பொரிபொரியாக இருக்கும். இங்கே கைமாறிய காசு நேர்மாறானது: சிங்கத்தின் முகம் மழுங்கி, தரை வழவழப்பாக, பழுப்பு ஏறியிருக்கும். கடல் காசு போலியல்ல, ஆனால் மலிவானது. அதற்கு அரண்மனை விலை தர வேண்டியதில்லை.

டிஜிட்டல் தராசும், விட்டம் அளக்க வெர்னியர் அளவியும் கொண்டுபோங்கள். இருபது காசு சுமார் 9.3 கிராம், 30–31 மி.மீ.; பத்துக் காசு சுமார் 4.6 கிராம், 25–26 மி.மீ. தேய்மானத்தில் எடை கொஞ்சம் குறையலாம், கூடினால்தான் சந்தேகம். பத்து மடங்கு லென்ஸில் ஊசித்துளைகள், விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, சோப்புக்கட்டி போல் உருகிய எழுத்து தெரிந்தால் வார்ப்புப் போலி. ராமர் பட்டாபிஷேகமோ அனுமனோ போட்டு 1818 என்றிருக்கும் "அரை அணா" கம்பெனி அடித்ததே அல்ல. அரிசியை இழுக்கும் என்று அதற்கு லட்சம் கேட்பவரிடம் பேச்சே வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் புளி போட்டுத் தேய்க்கும் கை சும்மா இராது. பித்தளைக் குடத்துக்கு அது சரி. காசில் புளியின் அமிலம் பழுப்பைத் தின்று, வெறும் செம்பாக இளஞ்சிவப்பில் நிறுத்திவிடும், விலையும் இறங்கும். காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு நாளுக்கொருமுறை நீரை மாற்றுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு அருகில் வேண்டாம். ஒட்டிய மண்ணை மூங்கில் பல்குச்சியால் நெம்பலாம். கெட்டியான கரும்பச்சையைத் தொடாதீர்கள். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் குளோரைடு உப்பு செம்பை அரித்துக்கொண்டிருக்கிறது. கடல் காசில் இது சகஜம். அந்தக் காசைத் தனியே பிரித்து வையுங்கள்.

பி.வி.சி. என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் உறை காசில் பச்சைப் பிசினை விடும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையே நல்லது. பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள், அந்துருண்டை வேண்டாம்.

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்ப எண்ணாதீர்கள். நூறாண்டு கடந்த காசு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனிநபர் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவது குற்றம்.