அதிர்வு மேசையில் அலுமினிய டிக் வெல்டிங்: ஓசூர் பட்டறைகளுக்கு ஒரு சோதனை முறை

டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் பிடித்து உருக்கி ஒட்டுவது) அலுமினியத் தகட்டை அதிரவிட்டுக்கொண்டே ஒட்டினால் விரிசலும் துளையும் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை இது. மேசையை அதிரவைக்க, ஹாலோ பிளாக் மேசையில் பூட்டும் வைப்ரேட்டர் மோட்டாரில் சிறியதாக ஒன்று போதும். நிமிடத்துக்கு 2,880 சுற்று மோட்டார் என்றால் நொடிக்கு 48 அதிர்வு.

உருகிய உலோகம் உறையும்போது படிகங்கள் மரக்கிளை போலப் படர்கின்றன. அதிர்வில் நுனிகள் ஒடிந்து, ஒவ்வொன்றும் புதுப் படிகத்துக்கு விதையாகும். கிரெய்ன் (படிகத் துகள்) பொடியானால் வெல்டின் நடுவில் ஓடும் விரிசல் குறையும். ஊசித்துளைக்குக் காரணம் ஹைட்ரஜன்: உறைந்த அலுமினியத்தைவிட உருகியதில் சுமார் 20 மடங்கு கரையும், உறையும் நொடியில் குமிழாகப் பிரியும். அதிர்வு அந்தக் குமிழை மேலே தள்ளிவிடும். ஆனால் ஹைட்ரஜனைக் கொண்டுவருவது எண்ணெயும் ஈரமும்தான்; அழுக்குத் தகட்டை அதிர்வு காப்பாற்றாது.

6 மி.மீ. 6061 (ஒரு அலுமினியக் கலவை) தகட்டில் 60 டிகிரி வி பள்ளம் எடுங்கள். முதலில் அசிட்டோன், அப்புறம்தான் ஸ்டெயின்லெஸ் பிரஷ். மாற்றிச் செய்தால் எண்ணெயை உலோகத்துக்குள் தேய்த்துவிடுவீர்கள். ஓசூர் மார்கழிக் காலையில் தகடு வியர்த்திருக்கும், 60–80 டிகிரிக்குச் சூடாக்கி ஈரத்தை ஓட்டுங்கள். 120-ஐத் தாண்ட வேண்டாம். ஏசி கரண்ட், 200 ஆம்பியர் பக்கம், 4043 நிரப்பு ராடு, ஆர்கான் நிமிடத்துக்கு 12 லிட்டர்.

தகட்டை மேசையோடு இறுகக் கிளாம்ப் செய்யுங்கள். தளர்ந்தால் தகடு தடதடக்கும், டங்ஸ்டன் முனை பூலில் (உருகிய உலோகக் குட்டையில்) முட்டும். வைப்ரேஷன் மீட்டரை நடுவிலும் இரு முனையிலும் வைத்துப் பாருங்கள். ஒரே தகட்டில் ஓரிடம் துள்ளும், ஓரிடம் சும்மா கிடக்கும். 48 அதிர்வில் 0.05 மி.மீ. வீச்சுக்கு (நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் நகரும் தூரம்) மீட்டர் முடுக்கத்தை 4.5 மீ/வி² உச்சமாகக் காட்ட வேண்டும். உச்சத்துக்குப் பதில் ஆர்எம்எஸ் (ஒருவகைச் சராசரி) காட்டும் மீட்டராக இருந்தால் 3.2.

நான்கு துண்டு போடுங்கள்: அதிர்வே இல்லாமல் ஒன்று, பிறகு 0.02, 0.05, 0.1 மி.மீ. வீச்சில் ஒவ்வொன்று. முதல் துண்டைச் சோம்பலில் விட்டால் மீதி மூன்றும் வீண். ஆர்க் பிடிக்கும் முன்பே மோட்டார் ஓடட்டும், முடிவுக்குழி உறைந்த பிறகே நிறுத்துங்கள். வீச்சு கூடினால் பீடில் (வெல்ட் வரியில்) அலையும் ஓரக்குழியும் தெரியும்.

குறுக்கே அறுத்து, 600 எமரி வரை தேய்த்து, 60 டிகிரியில் 10 சதவீதக் காஸ்டிக் சோடாவில் 5–15 நிமிடம். கையுறை, கண்ணாடி, பிளாஸ்டிக் பாத்திரம் கட்டாயம். கிரெய்னும் துளையும் கண்ணுக்கே தெரியும்.

இழுவைச் சோதனையில் அசந்துவிட வேண்டாம். 310 மெகாபாஸ்கல் பலமுள்ள டி6 (சூடேற்றிப் பலப்படுத்திய) தகடு, வெல்ட் போட்டதும் 165–200க்கு இறங்கும். அறுவது பெரும்பாலும் பீடில் அல்ல, பக்கத்தில் சூட்டில் இளகிய பட்டையில். அதிர்வுக்கு அங்கே வேலையில்லை. பலம் திரும்ப வேண்டுமானால் 530 டிகிரி, தண்ணீரில் முக்கல், பிறகு 160–175 டிகிரியில் ஏஜிங் (சூட்டில் ஊறவிட்டுப் பலமேற்றல்).